கொழும்பில் உடுப்பு எடுப்பது எப்படி: அலுமாரியில் தொடங்கித் தையல் மெஷினில் முடியும் வழி

வெள்ளவத்தையில் எனக்குத் தைத்துத் தரும் அக்காவிடம் ஒரு நாள் புது குர்த்தாவைப் போட்டுக்கொண்டு போனேன். நல்ல கடை, கொஞ்சம் கூடின விலை, அழகான கருநீலம். அவர் என் தோளை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது ஆற்ற சட்டை?" என்றார். என்னுடையதுதான் என்றேன். தோள் தையல் என் தோள் எலும்பைத் தாண்டி ஓர் அங்குலம் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. வாங்கி ஒரு மாதமாகியும் நான் அதைக் கவனிக்கவில்லை. கையைக் கழற்றி, தோளை உள்ளே எடுத்து, திரும்பப் பூட்டித் தந்தார். அடுத்த நாள் ஒபிஸில் மூன்று பேர் "புது உடுப்பா?" என்று கேட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு. கடையில் காசு கொடுத்து எடுப்பது அரைவாசி உடுப்புத்தான். மற்ற அரைவாசி தையல் மெஷினில் இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கணக்கை வைத்துத்தான் போகிறது. எங்கே எடுப்பது என்பதைவிட, எதை எடுப்பது, எடுத்ததை என்ன செய்வது என்பதில்தான் கூடுதலாக நிற்பேன்.

முதலில் அலுமாரி

கடைக்குப் போகும் கிழமைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எல்லா உடுப்பையும் கட்டிலில் கொட்டுங்கள். அழகு, விலை பார்த்துப் பிரிக்க வேண்டாம். மூன்று குவியல் போதும். போன மாதம் போட்டவை ஒன்று. போட விருப்பம், ஆனால் ஏதோ ஒன்று தடுக்கிறது என்பவை இன்னொன்று. இரண்டிலும் சேராதவை மூன்றாவது.

நடுக் குவியல்தான் புதையல். அதில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்து, ஏன் போடவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். கொக்கி கழன்றது. அக்குள் இறுக்கம். பொருத்தமான உள்பாவாடை இல்லை. வெள்ளைத் துணி உள்ளே தெரிகிறது. என்னிடம் ஒரு மெரூன் கைத்தறிச் சாரி இரண்டு வருடம் மடித்தபடியே கிடந்தது. காரணம் என்னவென்று பார்த்தால், அதற்கு பிளவுஸ் இல்லை. இரண்டு வருடமாக நான் புதுச் சாரிகள் எடுத்துக்கொண்டே இருந்தேன். அந்தக் காரணங்களின் பட்டியல்தான் உங்கள் முதல் ஷொப்பிங் பட்டியல். அதில் பாதிக்கு மேல் கடைக்குப் போகத் தேவையே இருக்காது.

மூன்றாவது குவியலை "மெலிந்தால் போடலாம்" என்று திரும்ப அடுக்காதீர்கள். யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

உங்கள் கிழமை எப்படிப் போகிறது?

இப்போது ஒரு தாளில் திங்கள் முதல் ஞாயிறு வரை எழுதி, எங்கே போகிறீர்கள், எதில் போகிறீர்கள் என்று குறியுங்கள். எதில் என்பது முக்கியம். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவருக்கும், வெள்ளவத்தை ஸ்டேஷனில் கோட்டைக்கு ரயில் ஏறுகிறவருக்கும், வீட்டு வாசலில் காரில் ஏறுகிறவருக்கும் ஒரே உடுப்பு சரிவராது. நிலத்தில் இழுபடும் பலாஸோ காரில் போகிறவருக்கு அழகு. ஒக்டோபர் மழையில் பஸ் ஹோல்ட்டில் நிற்கிறவருக்கு அது முழங்கால் வரை சேறு.

பஸ்ஸில் வியர்த்து, ஒபிஸ் ஏசியில் விறைப்பதுதான் கொழும்பு வேலைநாள். ஆகவே கையில்லாத சட்டையும் மேலே போட ஒரு மெல்லிய சோலும் இங்கே அலங்காரம் இல்லை, அத்தியாவசியம்.

இன்னொன்று, வெளியூரிலிருந்து கொழும்புக்கு வருகிறவர்கள் அடிக்கடி மறப்பது: வெள்ளை உடுப்பு. கூட வேலை செய்பவரின் வீட்டில் செத்தவீடு என்றால் மத்தியானமே எல்லோருமாகப் பொரளைப் பக்கம், பூதவுடலை வைத்திருக்கும் மலர்ச்சாலைக்குக் கிளம்பிவிடுவார்கள். சிங்கள நண்பர்கள் அநேகமாக வெள்ளையில்தான் வருவார்கள். மஞ்சள் பூப்போட்ட சட்டையோடு ஒரு முறை போய் நின்றால் அதன்பிறகு மறக்க மாட்டீர்கள். வேலைப்பாடு இல்லாத வெள்ளை அல்லது பால் நிறக் குர்த்தா ஒன்று எப்போதும் தோய்த்து, அயன் பண்ணித் தொங்கட்டும். அதே குர்த்தா டெனிமோடு சனிக்கிழமைக்கும், கரைபோட்ட சோலோடு கோவிலுக்கும் ஆகும்.

கிழமையை எழுதி முடித்ததும் காசைப் பிரியுங்கள். ஐந்து நாள் ஒபிஸ் என்றால் காசில் பெரும்பங்கு அங்கே போக வேண்டும். நாங்கள் வழக்கமாகச் செய்வது தலைகீழ். வருடத்துக்கு நாலு கலியாணத்துக்குப் பட்டு, இருநூறு நாள் ஒபிஸுக்குக் கையில் அகப்பட்டது. 6,000 ரூபாய்க்கு எடுத்த ட்ரவுசரை 60 தடவை போட்டால் தடவைக்கு 100 ரூபாய். 2,000 ரூபாய்க்கு எடுத்த மினுங்கல் டொப்பை இரண்டு தடவை போட்டால் தடவைக்கு 1,000. எது மலிவு என்று நீங்களே சொல்லுங்கள்.

துணி

கொழும்பில் வெயிலைவிட ஈரப்பதம்தான் ஆளைக் கொல்லும். வியர்வை உலராது. அதனால் தோலோடு ஒட்டும் உடுப்பு கொட்டன், லினன், விஸ்கோஸ், கைத்தறி என்று இருந்தால் நல்லது. லினன் கசங்கும், அதை ஏற்றுக்கொண்டால்தான் லினன். விஸ்கோஸ் நன்றாக விழும், ஆனால் நனைந்தால் பலமிழக்கும், சுருங்கவும் செய்யும். முறுக்கிப் பிழியக் கூடாது. பொலியெஸ்டரை நான் முழுக்கத் தள்ள மாட்டேன். மழைக்காலத்தில் பொலியெஸ்டர் ஜோர்ஜெட் சாரி மாதிரி உதவி வேறில்லை. நனைந்தாலும் ஒபிஸ் போய்ச் சேருமுன் காய்ந்துவிடும். ஆனால் இறுக்கமான பிளவுஸும் உள்லைனிங்கும் பொலியெஸ்டர் என்றால் மத்தியானம் ஆகுமுன் உங்களுக்கே தெரியும்.

கடைக்காரர் "சுத்தக் கொட்டன்" என்று சொன்னதில் சந்தேகமென்றால், வீட்டுக்கு வந்து ஓரத்தில் இரண்டு நூலை உருவி, சிங்க் பக்கத்தில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கொட்டன் கடதாசி எரிந்த மணத்தோடு மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கறுத்த மணியாக இறுகும். பட்டு, முடி பொசுங்கிய மணம் வரும்.

அளவுநாடா

ஸ்மோல், மீடியம் என்பதை மறந்துவிடுங்கள். இங்கே ஒரே அலுமாரியில் இங்கிலாந்து அளவில் 10, இந்தியக் குர்த்தாவில் 38, ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய உடுப்பில் மீடியம் என்று மூன்று கணக்கு இருக்கும். மார்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழே அகலமான இடம், தோளிலிருந்து தோள், தோளிலிருந்து முழங்கால். இந்த ஐந்தையும் அங்குலத்தில் எடுத்துப் போனில் எழுதி வையுங்கள்.

அதைவிடக் கெட்டித்தனம் ஒன்று உண்டு. உங்களுக்கு அளவாக நிற்கும் சட்டை ஒன்று இருக்குமே, அதை மேசையில் விரித்து ஓர் அக்குளிலிருந்து மற்ற அக்குள் வரை அளந்து, இரண்டால் பெருக்குங்கள். ஒன்லைனில் எடுக்கும்போதும், போட்டுப் பார்க்க இடமில்லாத கடையிலும் இந்த இலக்கம்தான் கை கொடுக்கும். லேசாகத் தளரும் குர்த்தாவுக்கு உங்கள் மார்பளவைவிட மூன்று நான்கு அங்குலம் கூட இருக்க வேண்டும்.

எதோடு எது

அழகாக உடுத்துகிறவர்களின் அலுமாரியைத் திறந்து பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். உடுப்புக் குறைவு, நிறமும் குறைவு. நிலையான நிறம் இரண்டு, பளிச்சென்ற நிறம் இரண்டு மூன்று, அவ்வளவுதான். என்னுடையது கருநீலமும் பால் நிறமும் நிலையானவை, மேலே கடுகு மஞ்சளும் மெரூனும். தங்கம் போடுகிறவர்களுக்கு இந்த நான்கும் ஒத்துப்போகும். வெள்ளி, ஒக்ஸிடைஸ் நகை விருப்பம் என்றால் கறுப்பு, சாம்பல், மயில் நீலம் பக்கம் போகலாம்.

உதாரணத்துக்குக் கீழே போட மூன்று: கறுப்பு நேர் ட்ரவுசர், கருநீல டெனிம், பால் நிறக் கொட்டன் பேன்ட். மேலே போட ஐந்து: வெள்ளைக் கொட்டன் ஷேர்ட், கருநீல அச்சுக் குர்த்தா, கடுகு மஞ்சள் குட்டை டொப், மெரூன் கைத்தறிச் சட்டை, சொன்ன அந்த வெள்ளைக் குர்த்தா. மூன்றையும் ஐந்தையும் பெருக்கினால் 15 வருகிறது. அதில் இரண்டு மூன்று சரிவராமல் போனாலும் இரண்டு கிழமை ஓடிவிடும். சோல் இரண்டு சேர்த்தால் ஒன்றையே திரும்பப் போடுகிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது.

உருவத்துக்கு ஒரே விதிதான் வைத்திருக்கிறேன். மேலே நீளமென்றால் கீழே ஒடுக்கம், கீழே அகலமென்றால் மேலே குட்டை. நீளக் குர்த்தாவும் அகல பலாஸோவும் ஒன்றாகச் சேர்ந்தால் உயரமானவர்கள் தப்பிப்பார்கள், என்னைப் போல ஐந்தடி இரண்டங்குலக்காரர்கள் திரைச்சீலைக்குள் நிற்பது போலிருக்கும். குர்த்தா முடியும் இடமும் முக்கியம். தொடையின் மிக அகலமான இடத்தில் கோடு விழுந்தால் கண் அங்கேயே நிற்கும். இரண்டங்குலம் மேலே அல்லது கீழே போனால் உடம்பே மாறித் தெரியும். இந்த இரண்டங்குலத்துக்குக் கடைக்குப் போகத் தேவையில்லை, மடித்து அடித்தால் சரி.

பிடித்துப்போன சேர்க்கைகளைக் கண்ணாடி முன் நின்று போனில் படம் எடுத்து ஒரு அல்பத்தில் போடுங்கள். கடையில் ஒன்றைக் கையில் எடுத்ததும் அந்த அல்பத்தைப் பார்த்து, வீட்டில் உள்ள மூன்று உடுப்போடாவது இது சேருமா என்று கேளுங்கள். மூன்று தேறாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

எங்கே எதை எடுப்பது

புறக்கோட்டைக்குத் தைத்த உடுப்புக்காகப் போகாதீர்கள், துணிக்காகப் போங்கள். மெயின் வீதியிலும் அதைத் தொட்டுப் போகும் குறுக்குத் தெருக்களிலும் கெய்சர் வீதியிலும் சுருள் சுருளாகத் துணி, லைனிங், லேஸ், பொத்தான் எல்லாம் கிடைக்கும். வழி தவறினால் இரண்டாம் குறுக்குத் தெருவின் சிவப்புப் பள்ளிவாசலை அடையாளம் வைத்துக்கொள்ளலாம். மூட்டை சுமக்கும் நாட்டாமிமார் வண்டி தள்ளிக்கொண்டு வரும் வேகத்துக்கு ஒதுங்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஹீல்ஸ் வேண்டாம், கைப்பை முன்பக்கம். வெள்ளி மத்தியானம் ஜும்ஆவுக்குப் பல கடைகள் பூட்டியிருக்கும். ஞாயிறும் உள்ளே உள்ள பல கடைகள் இல்லை. கிழமை நாளில் காலை பத்து மணிக்கு முன்பின்னாகப் போனால் கடைக்காரருக்கும் பொறுமை இருக்கும், உங்களுக்கும் மூச்சு விடலாம். பேரம் பேசுங்கள், ஆனால் ஒரே கடையில் மூன்று நாலு துண்டு எடுத்துவிட்டுப் பேசினால்தான் விலை அசையும்.

அங்கே நான் பட்ட பாடு ஒன்று. ட்யூப் லைட் வெளிச்சத்தில் கடும் பச்சை என்று நினைத்து மூன்று மீற்றர் வெட்டி வாங்கினேன். வெளியே வந்து பார்த்தால் பழுப்பு. வெட்டின துணியைத் திருப்பி எடுப்பார்களா? இப்போதெல்லாம் சுருளின் நுனியைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் கத்தரிக்கோலைத் தொட விடுவதில்லை. அகலத்தையும் கேளுங்கள். 44 அங்குல அகலமென்றால் கையுள்ள குர்த்தாவுக்கு இரண்டரை மீற்றர் தேவைப்படும், 58 என்றால் அதைவிடக் குறைவு போதும். கேட்காமல் வாங்கினால் ஒன்றில் காணாது, அல்லது மிஞ்சும்.

தைத்த உடுப்புக்குக் கொழும்பின் பலம் ஏற்றுமதி மிச்சம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின, 1992இல் 200 தொழிற்சாலைத் திட்டம் அவற்றைக் கிராமங்கள் வரை கொண்டுபோனது. வெளிநாட்டுக்குத் தைத்ததில் மிஞ்சியதும் சின்னக் குறையால் தள்ளப்பட்டதும் இங்கே கடைகளுக்கு வருகிறது. ஓடெல் என்ற பெரிய உடுப்புக் கடையே, ஒட்டாரா குணவர்தன காரின் பின்பக்கத்தில் வைத்து விற்ற ஏற்றுமதி மிச்சத்தில் தொடங்கியதுதான். இந்த வகைக் கடைகளில் ஷேர்ட், டெனிம், ட்ரவுசர், உள்ளாடை எடுப்பது புத்தி. லேபல் வெட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் அளவு லேபலை நம்பவும் வேண்டாம்.

சாரிக்கும் குர்த்தா செட்டுக்கும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் காலி வீதி. தமிழில் பேசி, பத்துச் சாரியை விரிக்கச் சொல்லி, எடுக்காமல் எழும்பி வரத் தைரியம் இருந்தால் நல்ல இடம். தைத்த உடுப்பில் விலை குறைவாகத் தேட நுகேகொடை, மகரகம. புறக்கோட்டையிலிருந்து 138ஆம் இலக்க பஸ் நேரே போகிறது. அங்கே பிளவுஸைத் தேடும்போது "சாரி ஜெக்கட்" என்று கேட்டால் சுலபம். காலி முகத்திடல் பக்கத்து மோல்களுக்கு நான் போவது அளவு பார்க்கவும் ஏசிக் குளிரில் கொஞ்சம் நிற்கவும்தான்.

கைத்தறியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கொள்ளுப்பிட்டியில் பெயர்ஃபுட் என்ற கைத்தறிக் கடை இருக்கிறது, பார்பரா சன்சோனி 1960களில் தொடங்கியது. ஒன்றோடொன்று மோதும் அந்த நிறங்களை வேறெங்கும் காணக் கிடைக்காது. விலை கை கடிக்கும். சோல் ஒன்று மட்டும் எடுத்தாலே நாலு வெறும் சட்டைகளுக்கு உயிர் வந்துவிடும். கிழக்கில் உறவினர் யாராவது இருந்தால் இன்னும் நல்லது. அம்பாறை மாவட்டத்து மருதமுனைக் கைத்தறிச் சாரி ஒன்றை எடுத்துவரச் சொல்லுங்கள். ஒபிஸுக்கு அதைவிடப் பொருத்தமான சாரி எனக்குத் தெரியாது.

கையில் எடுத்ததும்

முன்பக்கத்தைப் பார்க்க வேண்டாம், அது அழகாகத்தான் இருக்கும். உள்ளே திருப்புங்கள். பக்கத் தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள்? அரை அங்குலமாவது இருந்தால் பின்னால் இளக்கலாம். துணி ஓரத்தைக் கட்டும் ஓவர்லொக் நூல் பிசிறாகத் தொங்குகிறதா? கட்டம், கோடு போட்ட துணி என்றால் பக்கத் தையலில் கோடும் கோடும் சந்திக்கின்றனவா? துணியை உள்ளங்கையில் பத்துச் செக்கன் இறுக்கிப் பிடித்து விடுங்கள். விட்டதும் கசங்கலோடே நின்றால் பஸ்ஸில் இறங்கும்போதும் அப்படித்தான் இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே தெரியுமா என்பதும் தெரிந்துவிடும். ஏற்றுமதி மிச்சத்தில் கூடுதலாக இரண்டு: ஊசி ஓட்டை, ஒரு காலுக்கும் மறு காலுக்கும் நிற வித்தியாசம்.

போட்டுப் பார்க்கும்போது நேரே நின்று வயிற்றை உள்ளிழுத்துப் பயனில்லை. இருந்து பாருங்கள். பஸ் கம்பியைப் பிடிப்பது போலக் கையை மேலே தூக்குங்கள். சட்டை முழுக்க மேலே ஏறி வந்தால் அக்குள் வெட்டு ஆழம், அதைத் தையல்காரராலும் இலகுவில் திருத்த முடியாது. வைத்துவிடுங்கள். தோளும் அக்குளும் சரியென்றால் மற்றதெல்லாம் திருத்தலாம்: இடுப்பு, நீளம், கை, பக்கத் திறப்பு.

தையல் அக்காவிடம்

புதுக் கொட்டன் துணியை ஒரு தடவை நனைத்துக் காயவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் தோய்ப்பில் சட்டை உங்கள் தங்கைக்குத்தான். "அளவாகத் தையுங்கோ" என்று சொல்லாதீர்கள், அவருடைய அளவு வேறு. அளவான பழைய சட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, இதில் கழுத்து அரை அங்குலம் மேலே, கை முழங்கை வரை என்று வித்தியாசத்தை மட்டும் சொல்லுங்கள். ட்ரவுசரின் நீளம் குறைக்கப் போகும்போது அதோடு போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். உள்ளே இரண்டு அங்குலம் துணி விடச் சொல்லுங்கள், உடம்பு ஒரே மாதிரி இருக்காது.

சாரி பிளவுஸில்தான் காசு மிஞ்சும். ஒவ்வொரு சாரிக்கும் கூட வரும் துண்டில் ஒவ்வொரு பிளவுஸ் தைப்பதை நான் நிறுத்திவிட்டேன். நல்ல கொட்டன் லைனிங் போட்டு, உடம்பில் சரியாக நிற்கும் மூன்று: கறுப்பு, மெரூன், மங்கிய தங்க நிறம். சாரிகளில் முக்கால்வாசி இந்த மூன்றில் ஒன்றோடு போகும். பிளவுஸ் தோளில் நழுவினால் ஆயிரக்கணக்கில் கொடுத்த காஞ்சிபுரமும் இரவல் போலத்தான் தெரியும். உள்பாவாடையும் இப்படித்தான், மீன்வால் வெட்டில் இரண்டு நிறம் இருந்தால் இடுப்பில் கொசுவம் வீங்காது. ஃபோல் (கீழ் ஓரத்தில் உள்ளே வைத்துத் தைக்கும் பட்டித் துணி) அடிக்காத சாரியை முதல் நாள் உடுத்தவே உடுத்தாதீர்கள்.

செருப்பு, அப்புறம் பூஞ்சணம்

கடும் பழுப்பு நிறத்தில் தட்டைச் செருப்பு ஒன்று, ஒபிஸுக்கு மூடின சப்பாத்து ஒன்று, சாரிக்கு இரண்டங்குல ஹீல் ஒன்று. விசேஷத்துக்கு என்று பெட்டியில் பொத்தி வைத்த மெத்தை அடி வைத்த செருப்பு இந்த ஈரக்காற்றில் தானாகவே பொடிந்துபோகும். கலியாண மண்டபத்து வாசலில் ஒரு குதி கழன்று விழுந்து, மற்றதையும் நானே பிய்த்துவிட்டு நடந்திருக்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவையாவது போட்டு நடவுங்கள்.

கடற்கரைப் பக்கம் வீடென்றால் இரும்பு ஹேங்கரும் ஊசியும் துருப்பிடித்துத் தோளில் கறை வைக்கும். மரமோ பிளாஸ்டிக்கோ நல்லது. பட்டுச் சாரியைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும். பழைய கொட்டன் வேட்டித் துண்டில் சுற்றி வையுங்கள். பூச்சி உருண்டை சரிகையில் முட்டாமல் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து மடிப்பை மாற்றி மடியுங்கள். அப்படி மாற்றும் நாளில் கிழிசல், கழன்ற கொக்கி எல்லாம் கண்ணில் படும். உடனே ஒரு பையில் போட்டுத் தையல் அக்காவிடம் கொண்டுபோங்கள். ஆனால் ஏப்ரல் வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் முன் மூன்று கிழமைக்குள் போனால் அவர் பையைத் திறந்தும் பார்க்க மாட்டார்.